தட்டட்டும்

1

இந்தக் கதை எங்கள் சமையலறைத் தொட்டியடியில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி குழாயை மூடாமலேயே பேச ஆரம்பித்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் பாதி எனக்குக் கேட்கவில்லை. கேட்காத பாதியை நானே இட்டு நிரப்பிக்கொண்டேன். எழுதிப் பிழைக்கிறவனுக்கு அது கைவந்த பழக்கம்.

அவள் கெர்னல் எழுதுகிறவள். கணினிக்குள் மற்ற எல்லா நிரல்களுக்கும் அடியில் உட்கார்ந்துகொண்டு, யாருக்கு எவ்வளவு இடம், யார் எப்போது எழுந்து போக வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அதிலும் அவளுடைய பகுதி நினைவகம். நான் நாவல் எழுதுகிறவன். இருவரும் நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறோம். அவள் எழுதியது ஓடும், அவள் கணவன் எழுதியது ஓடாது என்று அவளுடைய அலுவலகத்தில் ஒரு ஜோக் உண்டு.

எழுதிக்கொள்ள அனுமதி தந்தாள், சும்மா தரவில்லை.

"எழுதுங்க. ஆனா கம்ப்யூட்டர் நினைவகத்தையும் மனுஷ நினைவையும் முடிச்சுப் போட்டீங்க, கொன்னுடுவேன். எல்லாரும் அதைத்தான் பண்ணுவாங்க. நீங்களும் உள்ள வரக் கூடாது, இது உங்க கதை இல்ல. அப்புறம் எழுதினதை எங்கிட்ட குடுங்க, நான் ரிவ்யூ பண்றேன்."

ரிவ்யூ என்பது அவர்கள் தொழிலில் கட்டாயம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து, குறை சொல்லி, கடைசியில் ஒப்புதல் தந்தால்தான் அது உள்ளே சேரும். சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவள் பென்சிலால் எழுதியது. நான் அழிக்கவில்லை.

[குழாயை மூடித்தான் வெச்சிருந்தேன். நீங்க கவனிக்கல.]

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"நினைவு என்பது ஒரு

(இங்கேயே நிறுத்திவிட்டேன். முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன்.)

இரண்டாவது:

"மூன்று செயலிகள் இருந்தன. மூன்றுக்கும் மூன்று கோப்புகள்

(இது பாடப் புத்தகம். வாசகர் கொட்டாவி விட்டுக்கொண்டே அடுத்த கதைக்குப் போய்விடுவார்.)

மூன்றாவது:

"அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. அம்மா போன பிறகு வீட்டை ஒழித்தபோது அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு டார்ச் விளக்குகள் இருந்தன. ஒன்றை அவள் குப்பையில் போட்டாள். தாமதமாக வந்து சேர்ந்த அண்ணன், 'ரெண்டும் ஒன்னு இல்ல' என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலோடு திரும்பி

[இது எங்கிருந்து வந்துது? டார்ச்சும் இல்ல, சண்டையும் இல்ல. ஒப்புதல் இல்லை.]

"கதைக்கு ஒரு காரணம் வேண்டாமா?" என்று கேட்டேன்.

"காரணம் இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். போய்ச் சமாதானம் பண்ணியிருக்கலாம்," என்றாள்.

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். அவளுக்கும் அவள் அண்ணனுக்கும் நடுவில் வாரத்துக்கு ஒரு போன் மாதத்துக்கு ஒன்றானது. பிறகு பிறந்தநாளுக்கு மட்டும் என்றானது. பிறகு பிறந்தநாளுக்கும் போன் இல்லை, பூங்கொத்துப் படம் ஒன்று. அதையும் முந்தின ஆண்டு அனுப்பியதிலிருந்தே எடுத்து அனுப்பிக்கொண்டார்கள். யாருக்கும் யார் மேலும் கோபம் கிடையாது. இருவரும் ஒரே கெர்னலில் வேலை பார்த்ததால் ஒருவர் எழுத்தை ஒருவர் மெயிலில் தினமும் பார்த்தார்கள். அதனால் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று இருவருமே நினைத்திருக்கலாம்.

[இது சரி. வலிக்குது, ஆனா சரி.]

3

அவளுக்கு வேலையிடத்தில் துடைப்பம் என்று பெயர். எழுதிய வரிகளைவிட அழித்த வரிகளை எண்ணிச் சந்தோஷப்படுகிறவள் என்பதால் வைத்தது. முதலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள், பிறகு அவளே மெயிலில் அப்படிக் கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணன் வேறு ஊரில் தனியாக இருந்தான்.* ஒரு தையற்கடைக்கு மேலே ஒற்றை அறை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, கேட்டால் மெஷின் சூடே போதும் என்பான். மெஷின் என்றால் மேஜைக்கடியில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பழைய பெட்டிகள். சின்னது என்று அவர்கள் செல்லமாக அழைக்கும் ஒரு செயலி, அதாவது ப்ராசசர் சில்லு, அவற்றில் இருந்தது. அது கணினி, போன் எதிலும் கிடையாது. லிஃப்டுகளிலும் தண்ணீர் ஏற்றும் பம்புகளிலும் வாயில் கதவுகளிலும் யார் கண்ணிலும் படாமல் உழைத்துக்கொண்டிருந்தது. கெர்னலில் சின்னதுக்கான பகுதிக்கு அண்ணன்தான் பொறுப்பாளர். அவனைத் தவிர வேறு யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

(* எனக்கு அவர் மச்சான், 'அவர்' என்றுதான் நான் சொல்ல வேண்டும். 'மாப்ள, புஸ்தகம் ஓடுதா, இல்ல நடக்குதா?' என்று கேட்கிற மனிதர். ஆனால் கதை அவள் தோளுக்குப் பின்னாலிருந்து சொல்லப்படுகிறது. அவளுக்கு அவன் 'அவன்'தான்.)

4

செயலி என்பது கணினியின் மூளை என்று எழுதியிருந்தேன்.

[மூளை வேண்டாம்.]

எடுத்துவிட்டேன். ஏன் வேண்டாம் என்றாள் என்பது பின்னால் உங்களுக்கே தெரியும்.

அவர்களுடைய கெர்னல் மூன்று விதமான செயலிகளில் ஓட வேண்டும். பெரியது, நடு, சின்னது. முதலில் பெரியதுக்கு நினைவகத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு கோப்பு எழுதினார்கள். நடு வந்தபோது அதைப் பிரதி எடுத்து அங்கங்கே மாற்றினார்கள். சின்னது வந்தபோது அண்ணன் பிரதி எடுத்து அவன் பங்குக்கு மாற்றினான். வருஷம் போகப் போக ஒரே ஜாடையில் மூன்று கோப்புகள் தனித்தனியாக வளர்ந்தன. ஒன்றில் பிழையைத் திருத்தினால் மற்ற இரண்டில் அதே பிழை சௌக்கியமாக இருக்கும். மூன்றுக்கும் பொதுவாக ஒரே கோப்பு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. நல்ல யோசனைதான். யாருடைய யோசனை என்று நான் சொல்ல வேண்டுமா?

துடைப்பம் மூன்று கோப்புகளையும் பக்கம் பக்கமாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரே மாதிரி இருந்த வரிகள் பொதுக் கோப்புக்குப் போயின. மாறுபட்ட ஒவ்வொரு வரியிலும் அவள் ஒரே கேள்வியைக் கேட்டாள்: இது வேண்டுமென்றே மாறியதா, இல்லை யாரோ மறந்துபோய் மாறியதா? இந்த வேலையின் கஷ்டமே அதுதான். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

அப்படி ஒரு வரி சின்னதின் கோப்பில் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பாடம் நடத்த வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நினைவகத்தைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு துண்டுக்குப் பக்கம் என்று பெயர். இடம் போதாவிட்டால் சில பக்கங்களை வெளியே அனுப்ப வேண்டும். கொஞ்ச நேரமாக யாரும் தொடாத பக்கம்தான் போகும். அதைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குறி. யாராவது தொட்டால் குறி விழும், அந்தப் பக்கம் இளசு. கெர்னல் அவ்வப்போது வந்து குறிகளை அழித்துவிட்டுப் போகும். மறுபடி வரும்போது குறி விழுந்திருக்காவிட்டால் அது பழசு. பழசு வெளியே. இளசு, பழசு என்பது என் சரக்கில்லை, அவர்கள் தொழிலிலேயே அப்படித்தான் சொல்கிறார்கள்.

குறியை அழிக்கும் அந்த இடத்தில், பெரியதிலும் நடுவிலும் இல்லாத ஒரு வரி சின்னதில் கூடுதலாக இருந்தது. பக்கத்தில் அண்ணனின் குறிப்பு ஒரே ஒரு சொல். திட்டத்தில் எல்லாக் குறிப்புகளும் ஆங்கிலம். இது மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்.

தட்டட்டும்.

இது எதன் சுருக்கம் என்று கேட்டு எங்கோ தூரத்திலிருந்து ஒருவர் ஒரு தடவை மெயில் போட்டிருந்தாராம். அண்ணன் பதில் போடவில்லை.

ஆனால் அவளுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தாள். சின்ன வயதில் இருவருக்கும் சேர்த்து ஒரே அறை. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அண்ணனுக்குத் திடீரென்று தனிமை தேவைப்பட்டது. கதவைத் தாழ்போட்டுக்கொள்வான். அவள் தட்டாமல் தள்ளிக்கொண்டு நுழையப் பார்ப்பாள், முடியாமல் அம்மாவிடம் போய் அழுவாள். "உன் தங்கச்சிடா, கதவத் திற," என்று அம்மா கத்துவாள். உள்ளேயிருந்து ஒரே பதில்தான் வரும்.

"தட்டட்டும்."

ஆகவே அந்தச் சொல்லைப் பார்த்ததும் துடைப்பத்துக்குச் சுர்ரென்றது. தன் கோப்புக்குள் அவள் ஒருநாள் கைவைப்பாள் என்று தெரிந்து அண்ணன் முன்கூட்டியே வைத்த குத்தல் என்று எடுத்துக்கொண்டாள். சின்னதின் புதிய மாடல் தானே குறி போட்டுக்கொள்ளும் என்று கையேட்டில் படித்திருந்தாள். இந்த வரி பழைய மாடலின் மிச்சம் என்று முடிவு கட்டினாள். வரியையும் சொல்லையும் சேர்த்து அழித்தாள்.

"சந்தோஷமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

[கொஞ்சம். எழுதிக்கோங்க.]

5

அவள் அனுப்பிய முதல் வடிவத்துக்கு அண்ணன் வழக்கம்போல வரிக்கு வரி குறை எழுதினான். பெரும்பாலும் நியாயமான குறைகள், எல்லாவற்றையும் திருத்தினாள். இரண்டாம் வடிவத்தில் அவன் ஒரே இடத்தில் நின்றான். அழிக்கப்பட்ட அந்த வரிக்குக் கீழே எழுதியிருந்தான்:

தேவை.

அவள் அதற்குக் கீழே எழுதினாள்:

ஏன்?

பதில் இல்லை. அவள் மூன்றாம் வடிவத்தை அனுப்பினாள், அந்த வரி இல்லாமலே. அதற்கும் பதில் இல்லை.

திட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பொறுப்பில் இருக்கும் பகுதியை மாற்ற அவருடைய ஒப்புதல் வேண்டும். நினைவூட்டியும் அவர் பதில் போடாவிட்டால், ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொண்டு சேர்த்துவிடலாம். பல ஊர்களில் பல பேர் சேர்ந்து செய்கிற வேலையில் இப்படி ஒன்று இல்லாவிட்டால் எதுவும் நகராது. இதில் தப்பு சொல்ல எனக்கு வரவில்லை.

நினைவூட்டல் அனுப்பினாள். காத்திருந்தாள்.

"அவனுக்குக் கோபம். தோத்தா பேச மாட்டான், சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். ஒரு வாரம் உம்முனு இருந்துட்டு அப்புறம் ஒன்னுமே நடக்காத மாதிரி வருவான்," என்று சொன்னாள்.

(இந்த இடத்தில் அவள் கணவன், போன் பண்ணிப் பாரேன் என்று

[உள்ள வர மாட்டேன்னு சொன்னீங்க. நீங்க அப்படிச் சொல்லவும் இல்ல.]

அவள் சொல்வது சரி. நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமே என்று எழுதிப் பார்த்தேன்.)

மூன்றாம் வடிவம் உள்ளே சேர்ந்தது. மூன்று கோப்புகள் போய் ஒன்று நின்றது. துடைப்பம் நன்றாகக் கூட்டிவிட்டாள் என்று திட்டத்தின் தலைவர் எல்லோருக்கும் மெயில் போட்டார். அன்று அவள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தாள்.

6

லிஃப்ட் பராமரிக்கிற ஒருவரிடமிருந்து புகார் வந்தது. "பட்டனை அழுத்தினா லிஃப்ட் யோசிக்குது," என்று எழுதியிருந்தார். பிறகு ஒரு பம்பு நிலையத்திலிருந்து. எல்லாமே சின்னதின் பழைய மாடல். சோதித்துப் பார்க்க அந்த மாடல் அண்ணனின் மேஜைக்கடியில் மட்டும்தான் இருந்தது. துடைப்பம் சோதித்துப் பார்த்ததெல்லாம் புதியதில்.

பழைய சின்னது பொருத்திய மின்சுற்றுப் பலகை ஒன்றைத் தேடி வாங்கி, மேஜை மேல் வைத்து ஓட்டினாள். பக்கங்கள் வெளியே போவதும், போன கையோடு திரும்பி வருவதும், மறுபடி போவதுமாக இருந்தன. யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கிற பக்கங்களையே கெர்னல் பழசு என்று தள்ளிக்கொண்டிருந்தது. செயலிக்கு அவற்றைச் சுமந்து கொண்டுபோய்க் கொண்டுவருவதே வேலையாகிவிட்டது.

அப்போதுதான் அவளுக்கு அந்த வரி புரிந்தது. பழைய சின்னதுக்குத் தானாகக் குறி போடத் தெரியாது. ஒரு பக்கத்தை ஆயிரம் முறை தொட்டாலும் தொட்ட சுவடு இருக்காது. அதனால் அண்ணன் குறியை அழிக்கும் கையோடு அந்தப் பக்கத்தின் கதவையும் சாத்தி வைத்தான். அடுத்துத் தொட வருகிறவர் கதவில் முட்ட வேண்டும். சத்தம் கேட்டுக் கெர்னல் வரும், கதவைத் திறக்கும், குறியைப் போட்டு உள்ளே விடும். கதவைச் சாத்துகிற வரி அது. பக்கத்தில் அவன் எழுதியிருந்தது காரணம்.

தட்டட்டும்.

"அவன் என்னைக் குத்தவே இல்ல. அது விளக்கம். உலகத்துலயே அதைப் படிச்சுப் புரிஞ்சுக்கக்கூடிய ஒரே ஆளு நான்தான். நான் அதைத் திட்டுன்னு படிச்சேன்," என்றாள் தொட்டியடியில்.

குழாய் அப்போது மூடித்தான் இருந்தது. இப்போது ஞாபகம் வருகிறது.

வரியைத் திரும்பச் சேர்க்க அன்றே பேட்ச் அனுப்பினாள். பேட்ச் என்றால் இருக்கிற நிரலில் ஒட்டுப் போடுவது. அதற்கும் அண்ணனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நீ சொன்னதுதான் சரி என்று சொன்ன பிறகும் ஒருவன் உம்மென்று இருப்பானா? நெடுநாளைக்குப் பிறகு அவனுக்குப் போன் பண்ணினாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாளும் அப்படியே.

7

இங்கே கதையை எப்படி முடிக்கலாம் என்று இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) "போன் எடுக்கப்பட்டது. 'என்னடி, இப்பதான் புரிஞ்சுதா?' என்று அண்ணன் சிரித்தான்."

[இல்ல.]

(ஆ) "கதவை உடைத்துத் திறந்தபோது மேஜைக்கடியில் பெட்டிகள் இரண்டும் ஓடிக்கொண்டே இருந்தன. அவன் மட்டும்

[அவன் சாகல. உங்களுக்குச் சாவு வசதியா இருக்கு.]

வசதியாகத்தான் இருந்தது. செத்துப்போனால் கதை முடிந்துவிடும். நடந்ததில் முடிவது என்று எதுவும் இல்லை, அதுதான் எனக்குச் சிக்கல்.

8

ரயில் பிடித்து அந்த ஊருக்குப் போனாள். மாடி அறை பூட்டியிருந்தது. பூட்டு புதிது. கீழே தையற்கடையில் தையல்காரர் ஒரு பேண்டின் காலை உயர்த்திக்கொண்டிருந்தார்.

தையல்காரரை நான் முதல் வடிவத்தில் ரொம்ப நல்லவராக எழுதியிருந்தேன். கண்கலங்கினார் என்றெல்லாம் கூட எழுதினேன். அவள் அடித்துவிட்டாள். அவர் எரிச்சலில் இருந்தார், எரிச்சல்பட அவருக்கு உரிமையும் இருந்தது.

"நீங்க யாரு?"

"தங்கச்சி."

"ஓ, தங்கச்சியெல்லாம் இருக்கா?" என்று தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "ஒரு நாள் பூரா மாடியில தண்ணி ஓடிச்சு. என் துணியெல்லாம் நனைஞ்சுபோச்சு. கத்தலாம்னு மேல போனா, மனுஷன் குழாய்கிட்ட கெடக்குறாரு. ஆம்புலன்ஸ்ல ஏத்திவிட்டது நான். மூளையில ரத்தம் கட்டிக்கிச்சாம், பக்கவாதமாம். ஆஸ்பத்திரில, சொந்தக்காரங்க யாருன்னு என்னைக் கேக்குறாங்க. எனக்கு என்ன தெரியும்? போனைத் திறக்க முடியல. அவருக்கு வாய் வரல. ரெண்டு வாரம் சோறு நான்தான் கொண்டு போய்க் குடுத்தேன்."

"எப்போ நடந்துது?"

அவர் சொன்னார். அவள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். 'தேவை' என்று எழுதியதற்கு மறுநாள். அவள் 'ஏன்?' என்று கேட்டபோது அவன் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் இருந்தான். மூன்றாம் வடிவம், நினைவூட்டல், நன்றாகக் கூட்டிவிட்டாள் என்ற பாராட்டு, எல்லாமே அவன் கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தவை.

"ஒரு போனு போட்டுப் பாக்கணும்னு இத்தனை நாள்ல உங்களுக்குத் தோணலையாம்மா?" என்று கேட்டுவிட்டு, அவர் மறுபடி தையலில் குனிந்துகொண்டார்.

தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

9

இப்போது அவன் ஊருக்கு வெளியே ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருக்கிறான். வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. முதல் நாள் அவளைப் பார்த்ததும் அவன் முகம் கோணிக்கொண்டு அசைந்தது. அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணா, அந்த வரி தேவைதான். திரும்பப் போட்டுட்டேன். நீ எழுதின வார்த்தையையும் போட்டுட்டேன்."

அவன் இடது கை மெல்ல உயர்ந்து, கட்டில் கம்பியில் இரண்டு முறை தட்டியது.

[தட்டல. கை நடுங்குது. எப்பவுமே நடுங்குது. இதை நீங்க எடுத்தே ஆகணும்.]

எடுக்கவில்லை, அடைப்பைப் பக்கத்தில் விட்டுவிட்டேன். எதை நம்புவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் அவளை நம்புகிறேன்.

டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பொறுமையான பெண்மணி.

"நீங்க சொல்றது அவருக்குப் புரியுது. அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா ஆமா, இல்லன்னு அவர் காட்டுறதை இப்போதைக்கு நம்பாதீங்க. ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் தலையாட்டுறார். மனசுல ஒன்னு நினைக்கிறார், தலை ஒன்னு ஆட்டுது."

"சரியாகிடுமா?"

"கொஞ்சம் வரலாம். வராமலும் போகலாம். ஆனா ஒரு முடிவு சீக்கிரம் எடுக்கணும். இங்கேயே நிரந்தரமா இருக்கப் போறாரா, இல்ல உங்ககூட வரப் போறாரா? அதைப் பொறுத்துத்தான் நாங்க பயிற்சி குடுக்கணும். அந்த மாடி ரூமுக்கு இனி அவரால தனியா போக முடியாது."

எங்கள் வீட்டில் ஓர் அறை காலியாகத்தான் இருக்கிறது. துடைப்பம் அன்றே அதைத் துடைத்து வைத்துவிட்டாள். அறை இருக்கிறது, மனது இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். அப்புறம் என்ன? யாராக இருந்தாலும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

ஆனால் அவனுக்கு வர விருப்பமா? பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு கதவுக்காகச் சண்டை போட்டவன். தங்கை வீட்டில், தங்கை கையால் குளிப்பாட்டப்பட்டு, தட்டாமல் நுழைகிறவர்களுக்கு நடுவில் இருக்க வேண்டும். அதைவிட இந்த இல்லமே மேல் என்று நினைக்கிறானா? அல்லது இங்கிருந்து எப்படியாவது கூட்டிக்கொண்டு போய்விடு என்று உள்ளுக்குள் கதறுகிறானா? கேட்டால் தலையாட்டுகிறான். மாற்றிக் கேட்டாலும் தலையாட்டுகிறான். கண்ணைப் பார்த்தால் தெரியும் என்று என் நாவல்களில் எழுதியிருக்கிறேன். தெரியவில்லை.

இதற்கு நடுவில் திட்டத்தின் தலைவரிடமிருந்து எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு விஷயம் தெரியாது. பொறுப்பாளர் இல்லாத பகுதியை அவர்கள் ஒரு சொல்லால் குறிப்பார்கள், அநாதை. சின்னதின் பொறுப்பாளர் நெடுநாளாகப் பதில் தரவில்லை, ஆகவே சின்னதை அநாதை என்று குறித்துவிடலாமா, ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று எழுதியிருந்தார்.

அவள் ஒரே சொல்லில் பதில் போட்டாள்.

ஆட்சேபம்.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அண்ணன் பெயர் அங்கே அப்படியே இருக்கிறது. நல்ல அர்த்தம் எதுவும் இதில் இல்லை. அவன் இனி ஒரு வரி எழுதப் போவதில்லை.

10

வாரக் கடைசியில் ரயிலேறிப் போகிறாள். இல்லத்தில் அவனுக்கு நடைக்கோடியில் தனி அறை. கதவு எப்போதும் ஒருக்களித்துத்தான் இருக்கும், நர்சுகள் போக வர வசதியாக. அவள் அதை இழுத்துச் சாத்துகிறாள். பிறகு தட்டுகிறாள்.

தட்டிவிட்டு நிற்கிறாள்.

உள்ளேயிருந்து வா என்றோ போ என்றோ எதுவும் வராது. அது அவளுக்கும் தெரியும். போன தடவை ஒரு நர்ஸ், மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறபோது, அவள் நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்: "அவருக்குத்தான் பேச வராதேம்மா, யாரு பதில் சொல்லப் போறா? சும்மா உள்ள போங்க."

"இருக்கட்டும்," என்றிருக்கிறாள் இவள்.

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று என்னிடம் சொல்லவில்லை. அன்று மாலையில் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. முடிவைச் சொல்லியாக வேண்டிய நாள் அது. டாக்டரிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எழுதியும் வைத்தேன், பிறகு கிழித்துப் போட்டேன். எழுதினால் அண்ணனின் பதில் அதுதான் என்று ஆகிவிடும். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.

அதனால் கதையை அந்த நடைக்கோடியிலேயே நிறுத்துகிறேன். கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே அவன் இருக்கிறான், தட்டிய சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கிறது. எவ்வளவு நேரம் நிற்கலாம், எப்போது கதவின் கைப்பிடியில் கை வைக்கலாம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசிப் பகுதியை அச்செடுத்து, பென்சிலோடு, அவள் மேஜையில் வைத்திருக்கிறேன். வைத்து நாளாகிறது. தாளைப் புரட்டியிருக்கிறாள், மூலை மடங்கியிருக்கிறது. எழுதவில்லை. நினைவூட்டலாம் என்று ஒரு முறை அறை வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

இதை நீங்கள் படித்துக்கொண்டிருந்தால், ஒன்று அவள் சரி என்று சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவள் எதுவும் சொல்லாததை நான் சரி என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். எது நடந்தது என்று நான் சொல்லப் போவதில்லை.

அவள் எழுத வேண்டிய இடத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன்.

[                                        ]